யாருக்காக மரித்தார்? – வாலிபர் ஐக்கியத்தாருக்கு ஒரு திறந்த மடல்



சபைக் கமிட்டிக்கு உங்களிடமிருந்து இரண்டு மனுக்கள் வந்திருக்கின்றன. கிறிஸ்து தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்காக மட்டுமே மரித்தார் என்று கையெழுத்திட்டுத் தராதவர்கள் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கக்கூடாது என்கிறது ஒன்று. அப்படிப் போதிக்கிறவர்கள் சிலுவையையே சுருக்குகிறவர்கள், அவர்களை ஓய்வுநாள் பள்ளியிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்கிறது மற்றது. இரண்டிலும் கையெழுத்துப் போட்டவர்களில் பெரும்பாலோருக்குத் திடப்படுத்தல் வகுப்பு எடுத்தவன் நான். தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினால் ஐயா எங்கள் பக்கம்தான் என்று இரு தரப்பும் சொல்லிக்கொண்டு போவீர்கள் என்று தெரியும். அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

எது வழக்கு, எது வழக்கில்லை என்பதை முதலில் பிரித்துவிடுவோம். எல்லாரும் கடைசியில் எப்படியும் இரட்சிக்கப்பட்டுவிடுவார்கள் என்று உங்களில் யாரும் சொல்லவில்லை. கல்வாரிப் பலிக்கு மதிப்புக் குறைவு என்றும் யாரும் சொல்லவில்லை. 12-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் பாடம் சொன்ன பீட்டர் லொம்பார்ட், அந்தப் பலி எல்லாருக்கும் போதுமானது, தெரிந்துகொள்ளப்பட்டவர்களிடத்தில் பலன் தருவது என்று வகுத்தார். அதன்பின் சில நூற்றாண்டுகள் பெரும்பாலான வேதசாஸ்திரிகள் அந்த வகுப்பின் நிழலிலேயே காலம் தள்ளினார்கள். உங்கள் வழக்கு நோக்கத்தைப் பற்றியது. பிதா குமாரனைச் சிலுவைக்கு ஒப்புக்கொடுத்தபோது யாரை மீட்பதென்று தீர்மானித்து ஒப்புக்கொடுத்தார்? எல்லாரையுமா, தம்முடையவர்களையா, அல்லது இரண்டு விதமான நோக்கமும் ஒரே செயலில் இருந்ததா?

இரண்டாவது மனுக்காரர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. குறிப்பிட்ட மீட்பை, அதாவது தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்காக மட்டுமே கிறிஸ்து மரித்தார் என்பதைப் போதித்தவர்கள் எப்போதும் அதிகாரத்தில் உட்கார்ந்து மற்றவர்களை மிரட்டினார்கள் என்று நினைக்காதீர்கள். 9-ஆம் நூற்றாண்டில் காட்ஷால்க் என்ற துறவி, கடுமையான முன்குறிப்புக் கோட்பாட்டைச் சொல்லி, கிறிஸ்துவின் இரத்தம் தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்கே என்றார். 849-இல் பிரான்ஸின் கியர்சியில் அவரைக் கசையால் அடித்து ஒரு மடத்தில் அடைத்தார்கள். சாகும்வரை வெளியே விடவில்லை. 853-இல் அதே கியர்சியில் கூடிய ஆயர்கள் ‘எல்லாருக்காகவும்’ என்று தீர்மானம் போட்டார்கள். இரண்டே ஆண்டில் வலான்ஸில் கூடிய வேறு ஆயர்கள் அதை மறுத்தார்கள். நீங்கள் சண்டை போடும் விஷயம் அவ்வளவு பழையது.

முதல் மனுவில் ஆங்கிலப் பியூரிட்டன் போதகர் ஜான் ஓவனின் வாதத்தை அப்படியே எடுத்து எழுதியிருக்கிறீர்கள். நல்ல வாதம். 1648-இல் அவர் எழுதிய புத்தகம் இன்றைக்கும் அந்தத் தரப்பின் கோட்டை. மூன்றில் ஒன்றைச் சொல் என்று அவர் நெருக்குகிறார்: கிறிஸ்து எல்லா மனிதருடைய எல்லாப் பாவங்களுக்காகவும் தண்டனையை ஏற்றாரா, சிலருடைய எல்லாப் பாவங்களுக்காகவுமா, எல்லாருடைய சில பாவங்களுக்காகவுமா? கடைசியைச் சொன்னால் ஒருவரும் தப்ப முடியாது. முதலாவதைச் சொன்னால், பிறகு ஏன் எல்லாரும் இரட்சிக்கப்படவில்லை? அவிசுவாசத்தினால் என்பீர்கள். அவிசுவாசம் பாவமா இல்லையா? பாவம் என்றால் அதற்கும் சேர்த்துத்தானே அவர் மரித்தார்? ஆக நடுவில் உள்ளதே மிச்சம் என்று முடிக்கிறார்.

இதை வெறும் தர்க்க விளையாட்டு என்று இரண்டாவது மனுவில் எழுதியிருக்கிறீர்கள். அது நியாயமில்லை. சிலுவை இரட்சிப்புக்கு ஒரு வாய்ப்பை மட்டும் உண்டாக்கிவிட்டு ஒதுங்கி நிற்கவில்லை, அது உண்மையிலேயே இரட்சித்தது என்பதைக் காப்பாற்றவே ஓவன் இவ்வளவு பாடுபட்டார். விசுவாசம்கூடச் சிலுவையில் நமக்குச் சம்பாதிக்கப்பட்ட ஈவு என்றார். நல்ல மேய்ப்பன் ஆடுகளுக்காக ஜீவனைக் கொடுக்கிறார் என்ற யோவான் 10-ஐயும், உலகத்துக்காக அல்ல, நீர் எனக்குத் தந்தவர்களுக்காகவே வேண்டுகிறேன் என்ற கருத்துள்ள யோவான் 17:9-ஐயும் அவர் சும்மா எடுத்து வைக்கவில்லை.

ஆனால் முதல் மனுக்காரர்களே, அந்த வாதத்தில் ஓவனுக்கே இடறலான ஓர் இடம் உண்டு. கடனை ஒருவன் உங்களுக்காக முழுக்கக் கட்டிவிட்டால், வட்டிக்காரன் மறுபடி உங்கள் வாசலில் வந்து நிற்க முடியாது. அதுவே வாதத்தின் முதுகெலும்பு. அப்படியானால் தெரிந்துகொள்ளப்பட்டவனின் கடன் கல்வாரி வெள்ளிக்கிழமையே தீர்ந்துவிட்டது. பிறகு எபேசியர் 2:3-இல் பவுல், நாமும் மற்றவர்களைப்போல கோபாக்கினையின் பிள்ளைகளாயிருந்தோம் என்ற பொருளில் ஏன் எழுதுகிறார்? கடன் தீர்ந்தவன் மேல் கோபம் எப்படி நிற்கும்? விசுவாசிக்கும் நாள்வரை சிலுவையின் பலன் அவனுக்குச் செலுத்தப்படவில்லை என்றுதான் பதில் சொல்ல வேண்டும். ஓவனும் சுற்றிவந்து அந்த மாதிரியான பதிலைத்தான் சொன்னார். கொடுக்கப்பட்ட பலிக்கும் அது ஒருவனுக்குப் பலிப்பதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கலாம் என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால், ‘ஒரே கடனை இருமுறை வசூலிக்கலாமா’ என்ற கேள்விக்குப் பாதிப் பல் விழுந்துவிடுகிறது. ஓவனின் காலத்திலேயே ரிச்சர்ட் பாக்ஸ்டர் இந்தப் பக்கமாகத்தான் குடைந்தார். 

இப்போது டோர்ட் சங்கம். முதல் மனு அந்தப் பெயரை நிறைய உச்சரிக்கிறது. மனு எழுதியவர்கள் அதன் தீர்மானங்களை முழுக்க வாசித்திருந்தால் இந்த மனுவே வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அர்மீனியஸ் 1609-இல் இறந்தார். மறு ஆண்டு அவருடைய கருத்தைச் சார்ந்த போதகர்கள் ஐந்து அம்சங்கள் கொண்ட ஒரு விண்ணப்பத்தை அரசிடம் கொடுத்தார்கள். அதன் இரண்டாம் அம்சம்: கிறிஸ்து எல்லாருக்காகவும் ஒவ்வொருவருக்காகவும் மரித்து மன்னிப்பைச் சம்பாதித்தார், ஆனாலும் விசுவாசிக்கிறவன் மட்டுமே அதை அனுபவிக்கிறான். யோவான் 3:16-உம் 1 யோவான் 2:2-உம் அதற்கு ஆதாரம். நாடே இரண்டுபட்டது. 1618 நவம்பரில் டோர்ட் எனப்படும் டோர்ட்ரெக்ட் நகரத்தில் சங்கம் கூடியது. பிரிட்டன், ஜெனீவா, சுவிஸ் மாநிலங்கள், ஜெர்மானியப் பகுதிகள் எல்லாம் ஆள் அனுப்பின. பிரெஞ்சுச் சபையாரை அவர்கள் ராஜா போகவிடவில்லை. அவர்களுக்கென்று போட்ட இருக்கை காலியாகவே கிடந்தது.

விண்ணப்பம் கொடுத்தவர்கள் அங்கே சக சகோதரராக உட்காரவில்லை, குற்றவாளிகளாக அழைக்கப்பட்டிருந்தார்கள். 1619 ஜனவரியில் சங்கத் தலைவர் போகர்மன் அவர்களை ஏசி வெளியே அனுப்பினார். மே மாதம் சங்கம் முடிந்த சில நாட்களில், அவர்களுக்கு அரணாக இருந்த அரசியல் தலைவர் ஓல்டன்பார்னவெல்ட் ஹேக் நகரில் சிரச்சேதம் செய்யப்பட்டார். எழுபதைத் தாண்டிய கிழவர். ஏறத்தாழ 200 போதகர்கள் ஊழியத்தை இழந்தார்கள். இதில் வேதசாஸ்திரத்தைவிட அரசியலுக்கே பங்கு அதிகம். ஆனாலும் கையெழுத்து கேட்டு மனுப் போடுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும்.

சங்கத்துக்குள்ளேயே, அதாவது அர்மீனியஸை மறுத்தவர்களுக்குள்ளேயே, உங்கள் கேள்வியில் ஒற்றுமை இல்லை. பிரெமனிலிருந்து வந்த மார்ட்டீனியஸ் கிறிஸ்து ஏதோ ஒரு மெய்யான அர்த்தத்தில் எல்லாருக்காகவும் மரித்தார் என்றார். லைடனில் அர்மீனியஸை எதிர்த்த பேராசிரியர் கொமாரஸுக்கு மார்ட்டீனியஸைக் கண்டாலே ஆகாது. வேறொரு விவாதத்தில் கையுறையைக் கழற்றி வீசி அவரைத் தனிச்சண்டைக்கே கூப்பிட்டார். பிரிட்டிஷ் குழுவிலோ நிலைமை இன்னும் சிக்கல். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜான் டேவனன்ட்டும் சாமுவேல் வார்டும் ஒரு பக்கம், குழுத் தலைவரான பிஷப் கார்ல்டன் முதலானவர்கள் மறுபக்கம். சொந்தக் குழுவின் பூசலைத் தீர்க்க லண்டனுக்கு ஆர்ச்பிஷப்பிடம் கடிதம் போனது. டேவனன்ட் சொன்னது இது: எல்லாருக்கும் செல்லத்தக்க ஒரு பரிகாரம் தேவனுடைய நியமத்தாலேயே சிலுவையில் உண்டாக்கப்பட்டது, எவன் விசுவாசித்தாலும் அது அவனுக்குப் பலிக்கும். அதோடு கூடத் தம்முடையவர்களுக்கு விசுவாசத்தையே நிச்சயமாய்த் தரும் விசேஷித்த நோக்கமும் அதே மரணத்தில் உண்டு. லுத்தரன் சபைகளை விரோதித்துக்கொள்ளாதீர்கள் என்று ராஜா ஜேம்ஸ் சொல்லியனுப்பியிருந்ததும் அவருக்குக் கைகொடுத்தது.

அதன் விளைவு என்ன தெரியுமா? டோர்ட் தீர்மானங்களின் இரண்டாம் அதிகாரத்தை எடுங்கள். நீங்கள் மனுவில் எழுதியிருப்பது எட்டாம் பிரிவு மட்டும்: சிலுவையின் இரட்சிக்கும் வல்லமை தெரிந்துகொள்ளப்பட்ட அனைவரிடத்திலும், அவர்களிடத்தில் மட்டுமே, செயல்பட வேண்டும் என்பது பிதாவின் சித்தம். சரி, இருக்கிறது. மூன்றாம் பிரிவு குமாரனுடைய மரணம் முழு உலகத்தின் பாவங்களையும் போக்க ஏராளமாய்ப் போதுமானது என்கிறது. ஐந்தாம் பிரிவு, விசுவாசிக்கிற எவனும் கெட்டுப்போவதில்லை என்ற வாக்குத்தத்தம் எல்லா ஜனங்களுக்கும் எல்லா மனிதருக்கும் வேறுபாடின்றி அறிவிக்கப்பட வேண்டும் என்கிறது. ஆறாம் பிரிவு இன்னும் தெளிவு: பலர் விசுவாசியாமல் கெட்டுப்போவதற்குக் காரணம் கிறிஸ்துவின் பலியில் உள்ள குறைவு அல்ல, அவர்களுடைய சொந்தக் குற்றம். அந்தத் தீர்மானங்களின் கீழே டேவனன்ட்டும் கையெழுத்திட்டார், கொமாரஸும் கையெழுத்திட்டார். உங்கள் மனுப்படி பார்த்தால் டேவனன்ட்டுக்கு நம் ஓய்வுநாள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கத் தகுதியில்லை. டோர்ட் உட்கார வைத்தவரை நீங்கள் எழுப்பிவிடுகிறீர்கள்.

டோர்ட்டின் போதனையை ஐந்து குறிப்புகளாக்கி டியூலிப் பூவின் பெயரில் அடக்கிய மனப்பாடச் சூத்திரம்கூட 20-ஆம் நூற்றாண்டில் பிறந்ததுதான். டோர்ட்டில் வரிசையே வேறு. சூத்திரம் பரீட்சைக்கு உதவும், ஆனால் மூன்றையும் ஐந்தையும் ஆறையும் விழுங்கிவிட்டு எட்டை மட்டும் வெளியே துப்புகிறது.

இரண்டாவது மனுக்காரர்கள் சிரிக்க வேண்டாம். உங்களுக்கு ஸ்காட்லாந்தின் ரோ என்ற கிராமத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலில் உங்களுக்கு இனிக்கும், முடிவில் அவ்வளவாக இனிக்காது.

1825-இல் ஜான் மக்லௌட் கேம்பல் என்ற இளம் போதகர் அங்கே ஊழியத்துக்கு வந்தார். கெட்ட ஜனங்கள் இல்லை. ஒழுங்காக ஆலயத்துக்கு வருகிறவர்கள், வினாவிடை தெரிந்தவர்கள். ஆனால் சந்தோஷமில்லை. வீடு வீடாகப் போய்ப் பேசியபோது அவருக்குக் காரணம் தெரிந்தது. கிறிஸ்து சிலருக்காக மரித்தார், அந்தச் சிலரில் நான் உண்டா என்று அவர்கள் உள்ளே தேடிக்கொண்டிருந்தார்கள். என் ஜெபம் போதுமா, என் மனஸ்தாபம் உண்மையா என்று தங்களையே பரிசோதித்துப் பரிசோதித்து நாள் போனது. அப்படித் தேடுகிறவனுக்குச் சந்தேகம் தீர்வதில்லை, ஒவ்வொரு பாவமும் அதைப் புதுப்பித்துவிடும். தேவன் உன்னை நேசிக்கிறார் என்று தயங்காமல் சொல்ல வேண்டுமானால் கிறிஸ்து உனக்காக மரித்தார் என்று சொல்ல முடிய வேண்டும், அப்படிச் சொல்ல வேண்டுமானால் எல்லாருக்காகவும் மரித்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். அதையே பிரசங்கித்தார்.

1831 மே மாதம் எடின்பரோவில் ஸ்காட்லாந்து சபையின் பொதுச்சங்கம் அவரை விசாரித்தது. வேதத்தால் என்னை நியாயந்தீருங்கள் என்றார் கேம்பல். சபையின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கைக்கு ஒத்துப்போகிறதா என்பதே கேள்வி என்றார்கள். அவருடைய தகப்பனாரும் போதகர். வயதானவர். சங்கத்தில் எழுந்து, உங்கள் தீர்ப்பை எதிர்க்கவில்லை, ஆனால் இப்படிப்பட்ட குற்றமற்ற மகனுக்குத் தகப்பன் என்று சொல்ல நான் ஒருநாளும் வெட்கப்படமாட்டேன் என்ற கருத்தில் பேசினார். விடிய விடிய விவாதம். 119 பேர் நீக்க வேண்டும் என்றார்கள், 6 பேர் வேண்டாம் என்றார்கள். சங்கத்தின் எழுத்தர் ஏதோ சொல்ல வந்து வாய் குழறி, ஸ்காட்லாந்து சபை அழிந்து மறக்கப்பட்ட பிறகும் கேம்பலின் போதனைகள் செழித்திருக்கும் என்று சொல்லிவிட்டாராம். அவர் சொல்ல நினைத்தது நேர் எதிர்.

முதல் மனுக்காரர்கள் இந்தக் கதையில் தங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். ரோவின் கிழவிகளுக்கு ஓவனின் தர்க்கம் ஆறுதலாக இல்லை. உங்களில் ஒருவர் போன மாதம் ஆஸ்பத்திரி வார்டில் ஒரு நோயாளியின் பக்கத்தில் நின்று, ‘இயேசு உங்களுக்காக’ என்று தொடங்கி, நிறுத்தி, ‘பாவிகளுக்காக மரித்தார்’ என்று மாற்றிச் சொன்னதைக் கேட்டேன். கோட்பாட்டுக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்ற கவனம், புரிகிறது. அந்த அம்மாள் கேட்டது அந்த இடைவெளியை மட்டுமே.

இனி இரண்டாவது மனுக்காரர்களுக்கு இனிக்காத பகுதி. பதவி இழந்த கேம்பல் கிளாஸ்கோவில் சிறிய சபையில் பிரசங்கித்தபடியே சிந்தித்துக்கொண்டிருந்தார். கால் நூற்றாண்டுக்குப் பிறகு, 1856-இல், சிலுவையின் தன்மையைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அதில் ஓவனையும் அமெரிக்க வேதசாஸ்திரி எட்வர்ட்ஸையும் நேரடியாக எதிர்கொண்டார். விசித்திரம் என்னவென்றால், ஓவனின் இணைப்பை அவர் ஏற்றுக்கொண்டார். கிறிஸ்து ஏற்றது சட்டப்படியான தண்டனை என்றால் அது யாருக்காக ஏற்கப்பட்டதோ அவர்கள் தப்பியே ஆக வேண்டும், ஓவன் சொன்னது சரி என்றார். ஆகவே அது அப்படிப்பட்ட தண்டனையே அல்ல என்று முடிவு செய்தார். மனுக்குலத்தின் பாவத்தைக் குமாரன் பிதாவின் பார்வையில் பார்த்து, மனிதனாக அதற்கு ஆமென் சொல்லிப் பூரணமாய் அறிக்கை செய்தார், மீட்பு அங்கே நடந்தது என்றார்.

அதாவது ‘எல்லாருக்காகவும்’ என்பதைக் காக்கப் போனவர், கடைசியில் நம் ஆக்கினையை அவர் சுமந்தார் என்பதை விட்டுக்கொடுத்தார். இரண்டாவது மனுக்காரர்களே, நீங்கள் அதையும் விடத் தயாரா? நீங்கள் பாடும் பாமாலைகள் எல்லாம் நமக்குப் பதிலாக அவர் அடிபட்டார் என்று சொல்கின்றன. அதையும் வைத்துக்கொண்டு ‘எல்லாருக்காகவும்’ என்பதையும் வைத்துக்கொள்ள வேண்டுமானால் ஓவனுக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். ‘அன்புள்ள தேவன் அப்படிச் செய்வாரா’ என்பது பதில் ஆகாது.

நம் நாட்டுக்கு வருவோம். முதல் மனுக்காரர்கள் எதிர்த்தரப்பைச் சுவிசேஷத்தைக் கெடுத்தவர்கள் என்கிறீர்கள், இரண்டாவது மனுக்காரர்கள் எதிர்த்தரப்பைச் சுவிசேஷம் சொல்ல மனமில்லாதவர்கள் என்கிறீர்கள். இரண்டையும் இந்திய மிஷனரி வரலாறு பொய்யாக்குகிறது.

1792 அக்டோபர் 2-இல் இங்கிலாந்தின் கெட்டரிங் ஊரில் ஒரு விதவையின் வீட்டில் சில பாப்டிஸ்ட் போதகர்கள் கூடி ஒரு மிஷன் சங்கம் அமைத்தார்கள். வாக்களித்த காணிக்கை 13 பவுண்டு 2 ஷில்லிங் 6 பென்ஸ். காணிக்கைச் சீட்டுகள் அவர்களில் ஒருவரான ஆண்ட்ரூ ஃபுல்லரின் மூக்குப்பொடி டப்பியில் சேர்ந்தன. வில்லியம் கேரியை வங்காளத்துக்கு அனுப்பியது இந்தச் சங்கம்தான். அதன் முழுப் பெயரிலேயே அவர்கள் குறிப்பிட்ட மீட்பைப் போதிக்கும் பாப்டிஸ்டுகள் என்பது இருந்தது. ஃபுல்லர் வளர்ந்த சபையிலோ, மனந்திரும்பாதவனை விசுவாசிக்கும்படி நேரடியாக அழைப்பதே தவறு என்று எண்ணினார்கள். அழைக்க வேண்டும், அது ஒவ்வொருவருடைய கடமை என்று 1785-இல் அவர் வெளியிட்ட புத்தகம் அந்தப் பூட்டை உடைத்தது. அந்தப் புத்தகம் இல்லாமல் வங்காளத்தில் கேரியின் சேராம்பூர் மிஷன் இல்லை.

எல்லாருக்காகவும் மரித்தார் என்று போதித்த பொதுமீட்பு பாப்டிஸ்டுகள் வேறு சபைக்குழு, அவர்களுக்கு வேறு மிஷன். அவர்களுடைய முதல் மிஷனரிகளான பாம்ப்டனும் பெக்ஸும் 1822-இல் ஒடிசாவின் கட்டாக்குக்கு வந்தார்கள். அந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தவர்கள் யார்? சேராம்பூர்க்காரர்கள். ஊர் ஊராகக் கொண்டுபோன ஒடியா வேதாகமத்தை மொழிபெயர்த்து அச்சிட்டவர்கள்? அதே கேரியும் அவருடைய கூட்டாளிகளும். இங்கிலாந்தில் ஃபுல்லரும் பொதுமீட்புத் தரப்பின் டேன் டெய்லரும் துண்டுப் புத்தகங்களில் மோதிக்கொண்டிருந்தவர்கள். 1891-இல் இரு தரப்புச் சபைகளும் ஒன்றாகிவிட்டன.

நம் சபைக்கு இன்னும் நெருக்கமான ஒன்று உண்டு. டோர்ட் ஏதோ யூடியூப் வழியாகச் சமீபத்தில் வந்து நுழைந்தது என்று இரண்டாவது மனு வருத்தப்படுகிறது. நம் சபைக்கு அஸ்திவாரம் போட்டது எந்த மிஷன்? ஆற்காடு மிஷன். 1853-இல் ஸ்கடர் குடும்பத்து சகோதரர்கள் தொடங்கியது. அவர்களை அனுப்பிய அமெரிக்க ரிஃபார்ம்ட் சபையின் விசுவாச அறிக்கைகளில் டோர்ட் தீர்மானங்களும் ஒன்று. அந்தச் சபையின் குருமார்கள் அதில் கையெழுத்திட்டே ஊழியத்துக்கு வருவார்கள். ராணிப்பேட்டை ஆஸ்பத்திரி, வேலூரில் ஐடா ஸ்கடர் தொடங்கிய ஆஸ்பத்திரி எல்லாம் அந்தப் பரம்பரையில் வந்தவைதான். ஆரம்பத்தில் அந்த மிஷனின் கொள்கையே ஆங்கிலப் பள்ளிகளை நம்பாமல் கிராமம் கிராமமாய்த் தமிழில் பிரசங்கிப்பது. டோர்ட்டில் கையெழுத்திட்டவர்கள் நம் தாத்தாக்களின் தெருக்களில் நின்று யாரைப் பார்த்தும் வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். ஐந்தாம் பிரிவை அவர்கள் அப்படித்தான் வாசித்தார்கள் போலும்.

முதல் மனுக்காரர்களும் கேளுங்கள். இந்தத் தமிழ் மண்ணுக்கு முதலில் வந்த புரொட்டஸ்டண்ட் குரல் டோர்ட்டின் குரல் அல்ல. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க் லுத்தரன், கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார் என்று போதித்த மரபு. திருநெல்வேலியின் ஆங்கிலிக்கன்கள் ஏற்ற 39 பிரமாணங்களில் 31-ஆவது, ஒரே தரம் செலுத்தப்பட்ட அந்தப் பலி உலகம் முழுவதின் பாவங்களுக்கும் உரியது என்ற கருத்துடையது. 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது வெஸ்லியின் மெதடிஸ்டுகள், ஆங்கிலிக்கன்கள், நம் ஆற்காட்டார் சேர்ந்திருந்த பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் ஐக்கிய சபை எல்லாம் ஒரே குடையின்கீழ் வந்தார்கள். இந்தக் கேள்வியில் எதிரும் புதிருமான மரபுகள். ஒன்றாவதற்கு அவர்கள் அடிப்படையாக வைத்தது வேதமும் அப்போஸ்தல விசுவாசப்பிரமாணமும் நிசேயா விசுவாசப்பிரமாணமும். இந்தக் கேள்விக்கு யாரிடமும் கையெழுத்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் நம் திருச்சபையே பிறந்திருக்காது.

என் நிலை எது என்று கேட்பீர்கள். மறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். நான் டேவனன்ட் பக்கம். 1 தீமோத்தேயு 4:10-இல் பவுல், தேவன் எல்லா மனுஷருக்கும் இரட்சகர், விசேஷமாக விசுவாசிகளுக்கு என்ற கருத்தில் எழுதும்போது இரண்டு தளங்களை ஒரே வாக்கியத்தில் வைக்கிறார். யோவான் 10-ஐயும் 1 யோவான் 2:2-ஐயும் ஒன்றை ஒன்று விழுங்கவிடாமல் வாசிக்க எனக்கு இந்த வழிதான் கைகொடுக்கிறது. 2 பேதுரு 2:1-இல் தங்களைக் கிரயத்துக்குக் கொண்ட ஆண்டவரையே மறுதலிக்கிறவர்கள் வருகிறார்கள். குறிப்பிட்ட மீட்பைச் சொல்லும் வியாக்கியானங்கள் அந்த வசனத்தில் நெளிவதை நான் பார்த்திருக்கிறேன். எபேசியர் 5:25-இல் கிறிஸ்து சபைக்காகத் தம்மை ஒப்புக்கொடுத்தார் என்பதைக் கணவன் தன் மனைவியிடம் காட்டும் அன்புக்கு இணையாகப் பவுல் வைப்பதில் எதிர்த்தரப்பு நெளிகிறது.

டேவனன்ட்டிலும் குறை உண்டு. தேவனுக்கு ஒரே செயலில் ஒரு பொதுநோக்கம், ஒரு விசேஷித்த நோக்கம் என்றால், பொதுநோக்கம் நிறைவேறாமல் போகிறதே, தேவனுடைய சித்தத்தை இரண்டாகப் பிளக்கிறீர்களே என்று ஓவன் தரப்பு கேட்கும். கேட்க வேண்டிய கேள்விதான். விசுவாசித்தால் பலிக்கும் என்பதே அந்தப் பொதுநோக்கத்தின் உள்ளடக்கம், ஆகவே அது தோற்கவில்லை என்று டேவனன்ட் தரப்பார் சொல்வார்கள். எனக்கு அது முக்கால்வாசி திருப்தி. மீதிக் கால்வாசியோடு வாழப் பழகிவிட்டேன். நீங்கள் பழக வேண்டும் என்று கட்டாயமில்லை. ஓவனின் பக்கம் இருக்க விரும்பினால் இருங்கள், ஆனால் டோர்ட்டின் ஐந்தாம் ஆறாம் பிரிவுகளையும் கூட எடுத்துக்கொண்டு இருங்கள். எல்லாருக்காகவும் என்ற வெஸ்லியின் பக்கம் இருக்க விரும்பினாலும் இருங்கள். வெஸ்லி 1739-இல் இந்த விஷயத்தில் தம் சக ஊழியரான ஒயிட்ஃபீல்டை மனம் புண்படத் தாக்கினார், ஒயிட்ஃபீல்ட் பதிலுக்குத் தாக்கினார். ஆனாலும் 1770-இல் ஒயிட்ஃபீல்ட் இறந்தபோது, அவர் விரும்பியபடியே லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லிதான்.

கமிட்டியில் இரண்டு மனுக்களையும் தள்ள வேண்டும் என்று நான் பேசப் போகிறேன். பவுல் ஒரு குறிப்பிட்ட ஆளைச் சுட்டி, கிறிஸ்து இவனுக்காக மரித்தார் என்று சொல்லும் இடங்களைத் தேடிப் பாருங்கள். ரோமர் 14:15, 1 கொரிந்தியர் 8:11. இரண்டும் சாப்பாட்டைப் பற்றிச் சபைக்குள் நடந்த சண்டை. எதிரே நிற்கிற பலவீனமான சகோதரனை உன் அறிவினால் கெடுக்காதே என்பதற்காக அந்த வாக்கியத்தை எடுத்தார். அங்கே அவர் நோக்கத்தின் அளவை ஆராயவில்லை.

பதில் எழுத விரும்புகிறவர்கள் எழுதுங்கள், நான் வாசிப்பேன். ஒரு வேண்டுகோள் மட்டும்: ஆங்கிலப் பிரசங்கியாரின் வீடியோ இணைப்பு வேண்டாம். எட்டாம் பிரிவை எடுத்து எழுதுகிறவர் அதோடு மூன்றையும் ஆறையும் எடுத்து எழுதவும். யோவான் 3:16-ஐ எழுதுகிறவர் அதோடு யோவான் 6:37-இலிருந்து 44 வரை எழுதி, இரண்டையும் ஒரே ஆண்டவர் எப்படிப் பேசினார் என்று எனக்குச் சொல்லவும்.

அன்புடன்,
உங்கள் பழைய திடப்படுத்தல் வகுப்பு வாத்தியார்